நாற்பதாம் நம்பர் ஆயில்

பின்பக்கத்திலிருந்து வந்த அந்தச் சத்தம் முதலில் மூச்சு மாதிரிதான் கேட்டது. பெரிய உடம்பு ஒன்று சேற்றுக்குள்ளிருந்து காலை உருவுகிற மாதிரி ஒரு ழுப், அதன் பின்னால் இழுவையாக ஒரு முனகல், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடியும் ழுப். பாப்பாவின் கன்னத்தில் ஆக்ஸிஜன் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியைச் சரிசெய்துகொண்டிருந்த டெல்ஃபின் விரலை எடுக்காமல் அப்படியே நின்று கேட்டாள். மணி ஆறே முக்கால்தான். ஆனால் டிசம்பர் மாதத்தில் இந்த மலையில் ஆறரை தாண்டினால் ஜன்னலுக்கு வெளியே உலகம் இல்லை. கரடி என்று நினைத்தாள். தொழிலாளர் லயத்திலிருந்து பாத்திரம் தேய்க்க வரும் குமுதா போன வாரம்தான் சொன்னாள், அங்கன்வாடிக் கதவை உடைத்து எண்ணெய் டின்னைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறதாம், எண்ணெய் வாசம் என்றால் எங்கிருந்தாலும் வந்துவிடுமாம், "சமையல்கட்டுக் கதவ மட்டும் நம்பிராதீங்கம்மா, ஒரு அறை அறைஞ்சா முடிஞ்சுது". அடிவயிற்றில் பிரசவத்துக்குத் தையல் போட்ட இடம் தானாகச் சுருங்கியது. பயம் வந்தால் இந்த ஏழு மாதமாக அவளுக்கு முதலில் அங்கேதான் தெரிகிறது. பிறகு ஒரு இருமல் கேட்டது. சிகரெட் இருமல். "சனியன்" என்றது கரடி. அருள்சீலன். அவள் புருஷன்தான் ஷெட்டில் ஜெனரேட்டர் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அது பிடிக்க மாட்டேன் என்கிறது. பயம் எழுந்து போன இடம் ஒரு நிமிஷம் காலியாகக் கிடந்தது, அப்புறம் கோபம் வந்து அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கரடியாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிற அளவுக்குக் கோபம். கரடி இதுவரை அவளிடம் ஒருநாளும் 'எனக்குத் தெரியும்' என்று சொன்னதில்லை.

அவன் சமையல்கட்டு வழியாக உள்ளே வந்தான், கையைக் கரித்துணியில் துடைத்துக்கொண்டு, குளிரையும் கூட்டிக்கொண்டு. "என்னாச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல. சாயந்திரம்தான் ஆயில் மாத்துனேன். புது ஆயில்லா, கொஞ்சம் இறுக்கமா இருக்கு. ஓட ஓடச் சரியாயிரும்." "ஓடவே இல்லியே, எப்படி ஓட ஓட?" "காலைல வெயில் ஏறினதும் பாத்துக்கிடலாம்." "ராத்திரி கரண்ட் போச்சுன்னா?" "ஏட்டி, செவ்வாக்கிழமைதானே போச்சு. வாரத்துக்கு ரெண்டு தரமா போகும்?" கரண்டுக்குக் கிழமை தெரியுமா என்று கேட்க வாயெடுத்து, அதை விழுங்கி, கேட்க வேண்டியதைக் கேட்டாள், பதில் தெரிந்தே கேட்டாள்: "என்ன ஆயில் ஊத்துனீங்க?" "ஃபேக்டரி டிரம்ல எடுத்தது. நாப்பதாம் நம்பரு. எத்தண்டி எஞ்சின் அதுல ஓடுது தெரியுமா, இந்தக் குட்டிச் சாத்தானுக்குப் பத்தாதா?" "நான் வாங்கிட்டு வந்தது?" "அதா." அவன் சிரித்தான், அதுதான், அந்தச் சிரிப்புதான், பாசமாகச் சிரிப்பான். "அது தண்ணி, டெல்ஃபி. ஒன்ன நல்லா ஏமாத்திட்டான்." மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பாப்பாவின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டுவிட்டு, ஃபேக்டரிக்குக் கிளம்பிவிட்டான். இன்றைக்குக் கொழுந்து நிறைய இறங்கியிருக்கிறது, ஈரம் வற்ற வாட்டத்துக்குப் போட்ட இலை யாருக்காகவும் காத்திருக்காது, டீமேக்கர் அவன், கூட நிற்க வேண்டும். இலைக்கு நேரம் உண்டு. எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. வாயில் அவனை 'நீங்க' என்கிறாள், மனசுக்குள் 'அவன்', எப்போதிலிருந்து 'அவன்' ஆனான் என்று யோசித்தாள், செவ்வாய்க்கிழமையிலிருந்துதான், இல்லை, அதற்கும் முன்னால், கோயம்புத்தூர் டாக்டர் "குளிர் முடியற வரைக்கும் கீழேயே இருங்க, மலைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் "நம்ம குவார்ட்டர்ஸ் இருக்கப்போ எதுக்கு சார்" என்று அவன் சொன்னானே, அவள் தலையாட்டினாளே, அப்போதிலிருந்து. தலையாட்டியது அவள்தான். அதை நினைத்தால் கோபம் திரும்பி அவளையே கடிக்கிறது, அதனால் அதை நினைக்கக் கூடாது. ஆயிலை நினைக்கலாம்.

தண்ணி என்றான். எப்படிக் கண்டுபிடித்தான் என்பதுதான் அவளால் பொறுக்க முடியாதது. வியாழக்கிழமை சாயந்திரம் அவள் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். சாய்த்துப் பார்த்தான். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தான், மோந்து பார்த்தான். தினமும் ஃபேக்டரியில் வரிசையாகக் கோப்பை வைத்துத் தேயிலை ருசி பார்க்கிற அதே முகம், அதே புருவம். "நெறமே இல்ல. கெட்டி இல்ல. சாறே இல்லாத டீ மாதிரி இருக்கு." எஞ்சின் ஆயிலுக்குச் சாறு. பதினோரு வருஷமாகத் தேயிலையை நாக்காலும் கண்ணாலும் நிறுக்கிறவனுக்குக் கெட்டியாக இருந்தால் நல்லது, கறுப்பாக இறங்கினால் நல்லது, தண்ணியாக இருந்தால் வெளியே தள்ளு. "டப்பால பாருங்க, டென் டபிள்யூ தர்ட்டின்னு போட்டிருக்கு, டபிள்யூன்னா விண்டர், குளிருக்குன்னே செஞ்சது" என்று அவள் சொன்னபோது "டபிள்யூன்னா வாட்டரு" என்றான், குமுதாகூடச் சிரித்தாள், அவளும்தான் சிரித்துத் தொலைத்தாள். சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும். அந்த டப்பாவுக்காக பாப்பா பக்கத்தில் குமுதாவை உட்காரவைத்துவிட்டு பஸ் பிடித்து குன்னூர் போய், பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறுகிற தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினாள். முதல் கடைக்காரர் "வண்டி என்ன மேடம்?" என்றார். "வண்டி இல்ல, ஜெனரேட்டர், சின்னது, பெட்ரோல்ல ஓடறது." "சார் வரலையா?" "வரல." "சார்கிட்ட போன் போட்டுக் குடுங்களேன்." அவள் கைப்பையிலிருந்து ஜெனரேட்டரோடு வந்த புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள், அவர் புத்தகத்தை வாங்கவே இல்லை, காத்துவாக்கில் சொல்வதுபோல் "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்றார். மூன்றாவது கடையில் இருந்தவன் சின்னப் பையன், புத்தகத்தை வாங்கிப் பார்த்தான், உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு நன்றி சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, அந்த அசிங்கம் வேறு.

புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறது. கீழே தெர்மாமீட்டர் மாதிரி ஒரு கோடு, மேலே ஆயில்களின் பட்டைகள், எந்தக் குளிரிலிருந்து எந்த வெயில்வரை எந்த ஆயில் என்று. பத்து-முப்பதின் பட்டை பூஜ்யத்தையும் தாண்டி இடது பக்கம் ஓடுகிறது. வெறும் முப்பதின் பட்டை பத்து டிகிரியிலேயே நின்றுவிடுகிறது, அதற்குக் கீழே வர மாட்டேன் என்கிறது. நாற்பது அந்தப் படத்திலேயே இல்லை. இல்லவே இல்லை. அதைத்தான் ஊற்றியிருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே தொங்குகிற தெர்மாமீட்டரில் இப்போது நான்கு. வானம் சுத்தமாக இருக்கிறது, மேகம் ஒரு துணுக்கு இல்லை, இப்படி இருந்தால் விடியும்போது கிணற்றடிப் புல்லெல்லாம் உப்பு தூவின மாதிரி உறைந்துகிடக்கும், நான்கு மூன்றாகும், இரண்டாகும், பூஜ்யமாகும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்ட பாப்பாவின் கால்விரலில் மாட்டியிருக்கிற கருவியில் தொண்ணூற்று நான்கு. ஆக்ஸிஜன் தருகிற கரண்ட் மெஷின் நின்றால் தொண்ணூறு, எண்பத்தெட்டு, எண்பத்து மூன்று. செவ்வாய்க்கிழமை எண்பத்து மூன்றுக்குக் கீழே என்ன வந்தது என்று அவள் பார்க்கவில்லை. மரம் விழுந்து கரண்ட் போய், ஜெனரேட்டர் நான்கு மணி நேரம் ஓடி, ஆயில் குறைந்து தானாக நின்றுபோய், அருள்சீலன் அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கிற சாவியைத் தேடி, அந்தச் சாவி அவன் சட்டைப்பையிலேயே இருந்து, அதற்குள் பாப்பாவின் உதடு. நாவல்பழம் தின்ற வாய் மாதிரி. நாவல்பழம் என்று நினைத்ததுமே அவள் மனம் அங்கிருந்து எழுந்து ஓடிவிடுகிறது, ஓடி ஆயிலில் வந்து நிற்கிறது, முப்பது, நாற்பது, பத்து, ஆயிலில் பாதுகாப்பாக இருக்கிறது, அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படலாம். சிலிண்டர் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. முள் சிவப்பில் சாய்ந்து கிடக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து சிலிண்டர் வண்டி திங்கட்கிழமைதான் வரும். இன்றைக்கு சனி. சனிக்கும் திங்களுக்கும் நடுவில் இருப்பது ஷெட்டில் இருக்கிற அந்த ஒரே எஞ்சின், அதன் வயிற்றில் பாகு.

பாகு என்றதும் சிஸ்டர் எவாஞ்சலின். ஒன்பதாம் வகுப்பு பிசிக்ஸ் லேப், தூத்துக்குடி வெக்கையில் ஃபேன் சத்தம் மட்டும் இருக்கும் அந்த அறை, ஐஸ் கட்டி போட்ட பீக்கருக்குள் ஒரு டெஸ்ட் டியூபில் தேன், இன்னொன்றில் விளக்கெண்ணெய், உள்ளே ஒரு சின்ன இரும்புக் குண்டு, அது இறங்குகிற நேரத்தை ஸ்டாப் வாட்சில் பார்த்து எழுத வேண்டும். ஐஸில் வைத்த எண்ணெயில் குண்டு இறங்காமல் நடுவில் தொங்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். "கேர்ள்ஸ், வாய்ஸ்" என்பார் சிஸ்டர், குரலைத் தணிக்கச் சொல்லி. கான்வென்டில் அவர்கள் என்ன சொல்லிக்கொடுத்தாலும் அதோடு சேர்த்து இதையும் சொல்லிக்கொடுத்தார்கள், குரலைத் தணி, முட்டியைச் சேர்த்து உட்கார், ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திரு, எக்ஸ்கியூஸ் மீ சொல். பன்னிரண்டு வருஷம் காத்திருக்கப் படித்தாள், அதில் முதல் மாணவி. அருள்சீலன் பேசி முடிப்பதற்குக் காத்திருந்தாள், டாக்டர் பேசி முடிப்பதற்கு, மாமியார் போனில் பேசி முடிப்பதற்கு, கடைக்காரர் பேசி முடிப்பதற்கு. இவர்கள் யாரும் பேசி முடிப்பதே இல்லை. எண்ணெய் குளிரில் இறுகும் என்பது அவளுக்குப் பதினாலு வயதிலேயே தெரியும், நம்பர் போட்டு, மார்க் வாங்கித் தெரியும், தெரிந்து என்ன, மூன்று நாளாக அந்தத் தெரிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு 'என்னங்க, ஒரு நிமிஷம்' என்று நின்றுகொண்டிருக்கிறாள். இப்போது போய் அவனை ஃபேக்டரியிலிருந்து கூப்பிடலாம். வருவான், திட்ட மாட்டான், பொறுமையாகச் சிரிப்பான், பிடிக்காத கயிற்றை இன்னும் இருபது தடவை இழுப்பான். வேண்டாம். காலைல பாத்துக்கிடலாம் என்றானே, காலை என்பது ஒரு இடம் மாதிரியும், அங்கே எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்பது மாதிரியும்.

எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை, ஸ்டூலைப் பரணுக்குக் கீழே இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. டப்பா பரணில் இருந்தது, ஆனால் கை எடுக்கும்போதே கனம் குறைந்து தெரிந்தது. திருப்பிப் பக்கவாட்டு வெள்ளைப் பட்டையில் அளவு பார்த்தாள். ஐந்நூறுதான் இருந்தது. ஒரு லிட்டரில் பாதியை ஸ்கூட்டருக்கு ஊற்றியிருக்கிறான். தண்ணி ஸ்கூட்டருக்கு ஆகும், அதில் அவன் போகிறான், பிள்ளை மூச்சு விடுகிற எஞ்சினுக்கு ஆகாது. அறுநூறு வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. குறைந்தால் என்ன ஆகும் என்பதைச் செவ்வாய்க்கிழமையே பார்த்தாகிவிட்டது, தானாக நிற்கும். ஐந்நூறு. அவள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூல்மேல் நின்றாள், கீழே மெஷின் ஸ்ஸ்... டக், ஸ்ஸ்... டக் என்று போய்க்கொண்டிருந்தது. நூறு குறைகிறது. அந்த நூறுக்கு அவனுடைய நாற்பதைச் சேர்க்கலாமா, சேர்த்தால் திரியுமா, பாலில் மோர் விழுந்த மாதிரி ஆகிவிடுமா, புத்தகத்தில் அது இல்லை, சிஸ்டரும் சொல்லவில்லை. அவளிடம் இருப்பது கணக்குதான், ஐந்து பங்குக்கு ஒரு பங்கு, ஐந்து பங்கு ஜெயிக்கும். ஜெயிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இறங்கினாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். கொதித்ததும் பாதியைப் பாப்பாவின் ரப்பர் வெந்நீர்ப் பையில் ஊற்றி மூடினாள், மீதியில் டப்பாவை நிறுத்தினாள். ஆயிலைச் சூட்டோடு இருக்கும்போதுதான் வடிக்க வேண்டும், எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு வடி என்கிறது புத்தகம், ஓடுகிற எஞ்சினாக இருந்தால் இவள் ஏன் இந்த நேரத்தில் இதைச் செய்யப்போகிறாள். பாப்பாவைப் பார்த்தாள். கண் விழித்து, குழாய்க்கு மேலே அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று மூன்று, நான்கு. "அம்மா இந்தா வந்துட்டேன், என்ன" என்றாள், குரலைத் தணிக்காமல்.

ஷெட் என்பது வீட்டுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி நான்கு கம்பும் தகரமும், முன்பக்கம் திறந்தது. சமையல்கட்டுக் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டுப் போனாள், மெஷின் சத்தம் காதில் விழ வேண்டும் என்று, ஆனால் திறந்த கதவு முதுகுக்குப் பின்னால் ஒரு வாய் மாதிரி இருந்தது, எதுவும் அதற்குள் நுழையலாம், அவளைத் தாண்டி நுழையலாம். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, ஸ்கூட்டர் ஸ்பேனரையும் குண்டானையும் வெந்நீர்ச் சட்டியோடு டப்பாவையும் எடுத்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்தாள், முட்டியைச் சேர்க்காமல். வெந்நீர்ப் பையை எஞ்சினின் அடிவயிற்றோடு சேர்த்து ஒரு பழைய சேலையால் கட்டினாள். கட்டும்போதே சிரிப்பு வந்தது, பிரசவம் ஆன பொம்பளைக்கு வயிறு கட்டுகிற மாதிரி. காத்திருந்தாள். தேயிலைச் செடிகளுக்குள் ஏதோ சரசரத்தது, முள்ளம்பன்றியாக இருக்கும், குமுதா ஏன் எண்ணெய் வாசத்தைப் பற்றிச் சொன்னாள், எஞ்சின் ஆயிலும் எண்ணெய்தானே, கரடிக்கு நம்பர் பார்த்தா தெரியும், இப்போது அவள் கை, சேலை, உட்கார்ந்திருக்கிற தரை எல்லாம் அந்த வாசம்தான். ஓடிவிடலாம். பத்து நிமிஷம் என்று எண்ணியிருந்தாள், ஆறு நிமிஷத்தில் ஸ்பேனரை வைத்துத் திருகினாள். வரவில்லை. அவன் இறுக்கியது, ஆண்பிள்ளை பலம் முழுவதையும் அந்த ஒரு போல்ட்டில் காட்டியிருக்கிறான். ஸ்பேனர்மேல் குதிகாலை வைத்து மிதித்தாள், மிதிக்கும்போது அவனுடைய முகம், கடைக்காரர் முகம், 'சார் வரலையா', மிதித்தாள், தலையாட்டிய தன் முகம், மிதித்தாள், போல்ட் க்ரீச் என்று விட்டது. நாற்பதாம் நம்பர் ஆயில் அலுமினியக் குண்டானுக்குள் இறங்கியது. இறங்கியது என்றா சொல்வது. ஒரு கறுத்த நாக்கு வெளியே நீண்டு, யோசித்து, தொங்கி, கீழே தொட்டது. புது ஆயில், சாயந்திரம் ஊற்றினது, அழுக்கே இல்லை, வெல்லப்பாகு மாதிரி நிறம், அவனுக்குப் பிடித்த நிறம், நல்ல சாறு. சொட்டு நிற்கிறவரை உட்கார்ந்து பார்த்தாள், உள்ளே ஸ்ஸ்... டக் என்பதைக் கேட்டுக்கொண்டே, ஒவ்வொரு டக்கும் வந்த பிறகுதான் அவள் அடுத்த மூச்சை விட்டாள்.

போல்ட்டைத் திரும்பப் போட்டு இறுக்கியதும், வெந்நீரில் நின்ற டப்பாவிலிருந்து பத்து-முப்பது சத்தமில்லாமல் உள்ளே ஓடியது. தேன் நிறம், லேசு, தண்ணிதான், ஆமாம், தண்ணிதான், அதுதான் வேண்டும். பிறகு நூறு. பாப்பாவின் பழைய பால்புட்டியில் கோடு பார்த்து நாற்பதாம் நம்பரை அளந்தாள், அறுபது, எண்பது, நூறு, அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் வரைந்திருந்த குட்டி முயலின் காதுவரை கறுப்பு ஏறியது, இதற்கும் அவன் வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினாள். அளவுக் குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தாள். கோட்டுக்கு மேலே. மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்த வெளிச்சம் இல்லாமல் போனது. அப்படியே, யாரோ கையை வைத்து மூடின மாதிரி. கீழே பள்ளத்தாக்கில் லயத்து விளக்குகளும் இல்லை. பிறகு மெஷின் அலறத் தொடங்கியது, கரண்ட் இல்லை என்றால் அது போடுகிற அந்த நீளமான ஒற்றைக் கூச்சல், செவ்வாய்க்கிழமையின் கூச்சல். அவளுக்கு உள்ளே ஓட வேண்டும், கால் ஓடவும் செய்தது, இரண்டு எட்டு, ஓடிப் போய் என்ன செய்வாள், குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்ப்பாளா, தொண்ணூறு, எண்பத்தெட்டு. திரும்பினாள். பெட்ரோல் குழாயைத் திறந்தாள், சோக்கை இழுத்தாள், சுவிட்ச், புத்தகத்தில் ஒன்று இரண்டு மூன்று என்று போட்டிருந்த வரிசை கண்ணுக்குள் நின்றது, கயிற்றுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். ழுப் இல்லை. கர்ரக் என்றது, பல் கடிக்கிற மாதிரி, லேசாக வந்தது, அவ்வளவு லேசாக வரும் என்று நினைக்காமல் முழு பலத்தையும் வைத்திருந்ததால் பின்னால் சாய்ந்து தகரத்தில் இடித்துக்கொண்டாள். மறுபடி. கர்ரக், ஒரு புகை, நின்றது. "வாடி" என்றாள், யாரிடம் என்று தெரியாமல், கான்வென்டில் படித்த வாயால் அதற்கு மேலும் ஒன்று சொன்னாள், தூத்துக்குடி மீன் மார்க்கெட்டில் சின்ன வயதில் கேட்டது, இத்தனை வருஷம் எங்கே கிடந்ததோ. மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

ஜெனரேட்டரிலிருந்து வாசற்படி தாண்டிக் கிடந்த நீள வயரைக் கையால் தடவிக்கொண்டே உள்ளே ஓடினாள். மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி வயரின் தலையில் இருந்த பலகையில் சொருகினாள். கூச்சல் நின்றது. ஸ்ஸ்... டக். டார்ச் வெளிச்சத்தில் கால்விரல் கருவி எண்பத்தாறு என்றது, அவள் உதட்டைப் பார்க்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தாள், எண்பத்தாறு, எண்பத்தாறு, இன்னும் எண்பத்தாறு, கருவி கெட்டுவிட்டதா, எண்பத்தேழு. தொண்ணூறு. தொண்ணூற்று ஒன்று வந்தபோதுதான் உதட்டைப் பார்த்தாள். வெளிறியிருந்தது, அவ்வளவுதான், வெளிறல்தான், வேறு நிறம் இல்லை. பாப்பா கொட்டாவி விட்டது. அழுகை வரும் என்று டெல்ஃபின் காத்திருந்தாள், வரவில்லை, பிளாஸ்திரியை அழுத்திவிட்டாள், கையில் ஆயில், பிள்ளையின் கன்னத்தில் கறுப்பாக நான்கு விரல்.

வெளியே காலடி கேட்டது, ஓட்டமாக, மேல்மூச்சு வாங்கிக்கொண்டு. ஷெட் பக்கம் போய் நின்றது, பிறகு சமையல்கட்டு வாசலில் அருள்சீலன், மப்ளர் எங்கோ விழுந்துவிட்டிருந்தது, முகமெல்லாம் வேர்வை, இந்தக் குளிரில். ஃபேக்டரி எஞ்சினைப் போட்டுவிட்டு மேடு முழுக்க ஓடியே வந்திருக்கிறான். பாப்பாவைப் பார்த்தான், எண்ணைப் பார்த்தான், கதவு நிலையில் சாய்ந்து மூச்சை இறக்கினான். இந்த ஒரு நிமிஷத்துக்கு அவள் அவனை மன்னித்துவிட்டிருப்பாள், வாயைத் திறக்காமல் இருந்திருந்தால். "பாத்தியா" என்றான், சிரித்துக்கொண்டே, "நான் சொன்னம்லா. கெட்டி ஆயில் கைவிடாது. கொஞ்சம் ஊறணும், அவ்வளவுதான்."

அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்து டார்ச் வெளிச்சத்துக்கு முன்னால் காட்டினாள். அவன் பார்த்தான். புரிய நேரம் எடுத்தது. "என்னட்டி இது?" "வடிச்சிட்டேன். ஒங்க ஆயிலு குண்டான்ல கெடக்கு." "தனியாவா?" "பின்ன சார் வருவாரான்னு பாத்துக்கிட்டா இருக்க முடியும்?" "அந்தத் தண்ணி ஆயிலையா ஊத்துன?" "ஆமா. பாதிய ஸ்கூட்டருக்கு ஊத்திட்டீங்க, பத்தல. நூறு மில்லி ஒங்களோடது." அவன் வாய் திறந்தது, எஞ்சின் தேஞ்சு போகும் என்று சொல்லப்போகிறான் என்று தெரிந்தது, அவள் இந்த முறை அவன் பேசும்வரை காத்திருக்கவில்லை. "எஞ்சின் போனா போகட்டும். எண்பத்தாறு வந்துச்சு. நீங்க மேடு ஏறி வர்ற நேரத்துக்கு எவ்வளவு வந்திருக்கும்னு கணக்குப் பாருங்க." அவன் கணக்குப் பார்த்தான். அது முகத்தில் தெரிந்தது, டீ ருசி பார்க்கிற முகம் இல்லை, வேறு ஒன்று, சின்னப் பிள்ளை முகம். "சரி" என்றான். பிறகு, இருமிவிட்டு, "நான் போவணும், எல வாட்டத்துல கெடக்கு." "போங்க." "ரெண்டு மணிக்கு வந்துருவேன். கதவுக்குத் தாள் போடாத, தட்டுனா பாப்பா முழிச்சிரும். எப்படியும் வயர் கெடக்குல்ல, கொஞ்சம் தொறந்தே கெடக்கட்டும்." டார்ச்சை அவன் கையில் கொடுத்தாள். மெதுவாகப் போனான், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

கொஞ்சம் திறந்தே கிடக்கட்டும். கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் இப்படித்தான், வயர் வாசற்படிமேல் கிடக்கும், கதவு ஒரு சாண் திறந்து கிடக்கும், குளிரும் புகையும் கரடியும் வரலாம், அவன் வருவதற்குச் சௌகரியம். விறகு வெட்டுகிற கத்தி அடுப்புக்குக் கீழே இருந்தது. மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றித் தரையில் வைத்தாள், கதவைத் தன் பக்கம் இழுத்து, அடிமூலையில் வயர் இடிக்கிற இடத்தைப் பார்த்து ஒரு போடு போட்டாள். எஸ்டேட் கதவு, எஸ்டேட் பெயின்ட், கேட்பார்கள். கேட்கட்டும், பதில் இருக்கிறது. மழையில் ஊறிய மரம் பிஸ்கோத்து மாதிரி உதிர்ந்தது. நான்கு வெட்டில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குப் பொந்து விழுந்துவிட்டது, நான்கே வெட்டு, இதற்கா இத்தனை நாள். வயரை அதற்குள் தள்ளி, கதவைச் சாத்தினாள், தோள் கொடுத்து நெருக்கினாள். முழுசாகச் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் அறை உடனே சின்னதாகி, அவளுடையதாகி, மெஷினின் மூச்சும் பிள்ளையின் மூச்சும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கின. மேல் தாழ்ப்பாள் துருவேறி அசைய மறுத்தது. ஆயில் கையாலேயே அதைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினாள், முனகியது, இளகியது. ரெண்டு மணிக்குத் தட்டட்டும். நன்றாகத் தட்டட்டும், எழுந்து வந்து யார் என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பாள். பாப்பா முழிக்கும் என்றால் முழிக்கட்டும், மூச்சோடு முழிக்கட்டும், அழட்டும், வாய் நிறைய அழட்டும். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள், தாழ் போய் விழுந்தது.